சென்னியப்பன் விழுந்த வாரம்

“வலியெல்லாம் இல்லீங்க. வலிக்கோணும்னா மொதல்ல கீழ விழோணுமல்லங்க, நான் இன்னும் விழுந்து முடிக்கலையே”ன்னு சொன்னாரு சென்னியப்பன், தரையில இருந்து நாலடி ஒசரத்துல, மல்லாக்க, ஒரு காலு மேல தூக்கி, வலது கை அகல விரிஞ்சு, எதையும் புடிக்காம அந்தரத்துல கெடந்தபடியே.

கேள்வி கேட்டது லேபர் காண்ட்ராக்டர் ஜெகதீசன். திங்கக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு விழ ஆரம்பிச்ச மனுசன் புதன்கிழமை காலையில டீ டைம் வரைக்கும் தரைக்கு வந்து சேரலைன்னு கேள்விப்பட்டு, பைக்கை வெளிய நிறுத்திட்டு வேஸ்ட் கோடவுனுக்குள்ள வந்து, மேல கயிறு கம்பி ஏதாச்சும் இருக்குதான்னு அண்ணாந்து பாத்து, கீழ கையை விட்டு வீசிப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச பொறகு கர்ச்சீப்பால கையைத் தொடைச்சுக்கிட்டாரு.

“அப்ப எப்பத்தான் முடியும் மாஸ்டர்?”

“தெரியலீங்க. மொதத் தடவைங்கறதுனால எவ்வளவு நேரமாகும்னு எனக்கே அனுபவம் இல்ல.”

திருப்பூர் ஏழாவது லைன் தெருவுல சென்னியப்பன்னா ரெண்டு விதத்துல மாஸ்டர். பகல்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். சாயங்காலம் அதே கம்பெனி மொட்டை மாடியில கராத்தே மாஸ்டர். இருபத்திரண்டு வருசமா டைலருக, அயனிங்காரங்க, செக்கிங் பொம்பளைங்க, அவங்க புள்ளைங்கன்னு அந்த மொட்டை மாடிக்கு ஏறி வந்த அத்தனை பேருக்கும் அவரு சொல்லிக் குடுத்த மொதப் பாடம் ஒண்ணே ஒண்ணுதான்: விழக் கூடாது. “காலு தரையில வேர் வுட்ட மாதிரி நிக்கோணும். விழுந்தா அன்னைக்கோட கதை முடிஞ்சுது”ம்பாரு. அவரும் இருபத்திரண்டு வருசமா விழுந்ததில்லை. மழை பெஞ்சு பாசி புடிச்ச மாடியிலயும் விழுந்ததில்லை, மச்சினன் கல்யாணத்துல பந்தியில வழுக்குன எடத்துலயும் விழுந்ததில்லை.

அப்படியிருக்கறப்பத்தான் பவர் டேபிள் டைலர் மரகதம், அவருகிட்டயே ஆரஞ்சு பெல்ட் வாங்குன பொண்ணு, ஒருநா மத்தியானம் வந்து அந்த பெல்ட்டைச் சுருட்டி அவரு கட்டிங் டேபிள் மேல வெச்சா. பஸ் ஸ்டாண்டுல பட்டப்பகல்ல பின்னால இருந்து ஒருத்தன் சடையைப் புடிச்சு இழுத்துக் கீழ தள்ளி, கழுத்துல இருந்த கொடியை அத்துக்கிட்டுப் போயிட்டான்.

“எட்ட நின்னு சண்டைக்கு வந்திருந்தான்னா நானும் நாலு குத்து குத்தியிருப்பேனுங் மாஸ்டர். அவன் கிட்ட வந்துட்டான். கிட்ட வந்து புடிச்சுட்டா என்ன பண்றதுன்னு நீங்க சொல்லித் தரவே இல்லியே. விழுந்ததுக்கப்புறம் எப்படி எந்திரிக்கறதுன்னு தெரியாம, கவுத்துப் போட்ட ஆமையாட்டம் கெடந்தேன். பஸ் ஸ்டாண்டே நின்னு பாத்துச்சு.”

“அம்மிணி, பெல்ட்டை எடுத்துக்க.”

“வேண்டாமுங். பாவாடை நாடாவுக்குக்கூட இது நீளம் பத்தலை.”

அதுக்கப்புறம் மூணு நாளைக்கு சென்னியப்பன் வெட்டுன துணியில எல்லாம் கைப்பீஸ் அரை இஞ்ச் கொறைஞ்சுது. நாலாவது நாள், கிட்ட வந்து புடிக்கற சண்டை எதுன்னு விசாரிச்சு, அது ஜூடோன்னு தெரிஞ்சுக்கிட்டு, கோயமுத்தூர்ல ஒரு கிளாஸுக்குப் போயி, பீஸு, டிரெஸ்ஸு, பஸ் சார்ஜுன்னு எல்லாத்தையும் கேட்டு, கேட்ட வாயோட ஒரு டீயைக் குடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டாரு.

வந்த மக்கா நாளே கம்பெனி மாடிப்படியில கொட்டியிருந்த மெஷின் ஆயில்ல ஒரு பொண்ணு வழுக்குனா. சனாஹன்பின்னு பேரு, சொந்த ஊரு மணிப்பூர்ல, கம்பெனியில சிங்கர் மெஷின்ல தையல் வேலை, லைன்ல எல்லாரும் சனான்னுதான் கூப்புடுவாங்க. ஆறு படி உருண்டவ, கீழ வந்ததும் உள்ளங்கையால தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டி, அந்தத் தட்டுலயே எந்திரிச்சு நின்னு, தூக்குப்போசியைத் தொறந்து ரசம் சிந்தலைன்னு பாத்துக்கிட்டு நடந்து போயிட்டா. சென்னியப்பன் கையில கத்தரியோட பின்னாடியே போனாரு.

“அம்மிணி, இப்ப நீ பண்ணுனது என்னது?”

“விழுந்தேன் மாஸ்டர்.”

“அது தெரியுது. அந்த விழறதுக்கு என்ன பேரு?”

“ஜூடோ. எங்க ஊர்ல சின்ன வயசுலயே எல்லாம் கத்துக்கும். நான் ஸ்டேட் லெவல்.”

பீஸு என்னன்னு கேட்டதுக்கு, காசு வேண்டாம், டவுன் பஸ்ஸுல சண்டை போடற தமிழ் மட்டும் சொல்லித் தந்தாப் போதும்னா. அது சென்னியப்பன் சம்சாரம் அம்சவேணியோட டிபார்ட்மெண்டு. ஒரே மாசத்துல அந்தப் பொண்ணு இருக்கற பஸ்ஸுல கண்டக்டருங்க சில்லறையைக் கேக்காமயே குடுக்க ஆரம்பிச்சாங்க.

ஜூடோவுல விழறதுக்கு மெத்தையாட்டம் ஒரு பாய் வேணும், அதை வாங்க வழியில்லை. வேஸ்ட் யாவாரி நாச்சிமுத்து தன்னோட கோடவுனை சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் குடுத்தாரு, அதுக்குப் பதிலா கொஞ்சம் வேஸ்ட் துணியைக் கலர் வாரியாப் பிரிச்சுக் குடுக்கோணும்னு பேச்சு. கட்டிங் வேஸ்ட்டைச் சாக்குல கெட்டியா அடைச்சு, இருபது சாக்கை நெருக்கிப் போட்டு, மேல ஒரு பழைய கல்யாண பிளெக்ஸை இழுத்துக் கட்டுனாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் மாலையோட சிரிக்கற பிளெக்ஸு. டிரெஸ்ஸு? ரிஜெக்ட் ஆன டவல் துணியை நாலு மடிப்பாப் போட்டு, காலருக்கு ரிப் துணியை டபுளா வெச்சு, அவரு வெட்ட அவ தெச்சா. புடிச்சு இழுத்தா ஆளு கிழியுமே ஒழிய தையல் கிழியாது. கோடவுனுக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மாஸ்டர்னுதான் கூப்புட்டுக்குவாங்க. நாப்பத்திமூணு வயசு ஆளுக்கு இருபத்தினாலு வயசுப் பொண்ணு மாஸ்டராங்கறதைப் பத்தி லைன்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுனாங்க. அஞ்சாவது விதமா அம்சவேணி பேசுன பொறகு அந்தப் பேச்சு நின்னுபோச்சு.

ஒரு மாசம் முழுக்க விழறது மட்டும்தான் பாடம். அதுதான் சென்னியப்பனுக்கு வரலை. தூக்கிப் போட்டா முழங்கையை ஊணுவாரு, முட்டியை ஊணுவாரு, பூனையாட்டம் ஒடம்பைத் திருப்பிக் காலைத் தரையில வெச்சுருவாரு.

“மாஸ்டர், நீங்க விழலை. நீங்க தரையோட சண்டை போடறீங்க”ம்பா சனா. மறுபடியும் தூக்குவா.

அந்தத் திங்கக்கிழமை மழை. ஏழு மணி மொட்டை மாடி கிளாஸுக்குச் சீக்கிரமே வந்த புள்ளைங்க பதினாலு பேரு, அவங்க அப்பன் ஆத்தா, எல்லாரும் நனைஞ்சுக்கிட்டே கோடவுனுக்கு ஓடியாந்தாங்க. தகரக் கதவைத் தள்ளுன நேரமும் சனா அவரை இடுப்புல ஏத்தித் தூக்கிப் போட்ட நேரமும் ஒண்ணாப் போச்சு. தலைகீழாப் பறந்துக்கிட்டிருக்கறப்ப சென்னியப்பன் அவங்களைப் பாத்தாரு. கூட்டத்துக்கு முன்னால, வேலை முடிஞ்சு மழைக்கு ஒதுங்குன மரகதம் குடையை மடக்கிக்கிட்டே நின்னா. ‘இவங்க முன்னாடியா’ன்னு அவருக்குள்ள ஒரு நெனப்பு வந்துச்சு. அவ்வளவுதான். ஒடம்பு அங்கயே நின்னு போச்சு.

சனா ஒரு நிமிசம் காத்திருந்து பாத்தா. “மாஸ்டர், கீழ.”

“வரமாட்டேங்குது மாஸ்டர்.”

எட்டு மணிக்குப் பூட்ட வந்த நாச்சிமுத்து, “இவரை உள்ள வெச்சுப் பூட்டறதா, தொறந்தே வுட்டுட்டுப் போறதா?”ன்னு மட்டும் கேட்டாரு. அம்சவேணி போர்வை கொண்டாந்து அவரு மேல போத்துனா. தலைக்குக் கீழ வெச்ச தலகாணி தொப்புன்னு தரையில விழுந்துச்சு. “தலகாணிக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலை பாருங்க மாமா”ன்னு சொல்லிட்டு அரிசிம்பருப்புச் சோத்தை உருட்டி உருட்டிக் குடுத்தா.

மக்கா நாள்ல இருந்து லைன் அதுக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிச்சு. ஷிப்மெண்ட் நேரங்கறதுனால கம்பெனியில கட்டிங்கை நிறுத்த முடியாது, அதனால கட்டிங் டேபிளையே நாலு பேரு தூக்கியாந்து கோடவுனுக்குள்ள போட்டு, பேட்டர்னை அவரு கண்ணுக்கு நேராக் காட்டி, அவரு சொல்லச் சொல்ல அசிஸ்டெண்டு வெட்டுனான். கம்பெனிக்குள்ளயும் இல்லாம வீட்டுலயும் இல்லாம இருக்கற ஆளுக்கு எப்படி அட்டெண்டன்ஸ் போடறதுன்னு சூப்பர்வைசர் ரெண்டு நாள் யோசிச்சு, காலு தரையில படாததுனால முக்கா ஷிப்டுன்னு எழுதுனாரு. கராத்தே கிளாஸ் அவரைச் சுத்தியே நடந்துச்சு. நாலடி ஒசரத்துல இருந்து தலையைச் சாச்சுப் பாக்கறப்ப எவன் குதிங்காலை ஏமாத்தறான், எவ மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறாங்கறது தெளிவாத் தெரியுதுன்னு சொல்லி, இருபத்திரண்டு வருசத்துல கண்டுபுடிக்காத தப்பையெல்லாம் ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சாரு. ரேசன் கார்டுக்குக் கைரேகை வெக்க மிஷினே கோடவுனுக்கு வந்துச்சு. பக்கத்து லைன் கொத்தனாரு வந்து, செலவில்லாம அடியில ஒரு தூண் கட்டித் தர்றேன், பாதுகாப்பா இருக்கும்னாரு. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து திருநீறை அவரு மேல ஊதிவுட்டு, “சாமியை எறக்கறதுதானுங்க நம்ம தொழிலு, ஆளை எறக்கிப் பழக்கமில்லை”ன்னு வெளிப்படையாச் சொல்லிட்டுப் போனாரு. குளிக்கறது, கொள்றது, மத்த சமாச்சாரமெல்லாம் எப்படிங்கறது லைன்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. அந்த அளவுக்கு மரியாதை தெரிஞ்ச லைன் அது.

“கல்யாணமாகி பத்தொம்பது வருசத்துல நீங்க ஒரே எடத்துல இத்தனை நேரம் இருந்ததே இல்லீங் மாமா”ன்னா அம்சவேணி. அவரும் சிரிச்சாரு.

வியாழக்கிழமைதான் சிரிப்பு நின்னுச்சு. காண்ட்ராக்டர் ஜெகதீசன் நாலு லோடுமேனோட, கயித்தோட வந்தாரு.

“திங்கக்கிழமை வெளிநாட்டு பையர் ஆடிட் வருதுங்க மாஸ்டர். பக்கெட்டு மணல் வரைக்கும் எண்ணிப் பாப்பாங்க. பயர் எக்ஸிட்டு, குடிதண்ணி, கக்கூஸு எல்லாத்துக்கும் செக்லிஸ்ட்ல எடம் இருக்குது. அந்தரத்துல ஆளு இருந்தா அதுக்கு எடம் இல்ல. தப்பா நெனைக்காதீங்க.”

இடுப்புல கயித்தைக் கட்டி நாலு பேரும் கீழ்ப்பக்கமா இழுத்தாங்க. இழுக்க இழுக்க சென்னியப்பன் மேல போனாரு. அவரு வேணும்னு பண்ணலை. யாரு புடிச்சு இழுத்தாலும் எதுத்து நிக்கற ஒடம்பு அது, இருபத்திரண்டு வருசமா அவரே பழக்கிவெச்சது. கூரைத் தகரம் மூக்குல இடிக்கற வரைக்கும் போயிட்டாரு.

“வுடுங்க! இழுக்காதீங்க!”ன்னு கத்திக்கிட்டே சனா ஓடியாந்து கயித்தைப் புடுங்குனா. “இழுத்தா வராது. அவரு ஒடம்பு அப்படி. எல்லாரும் போயி டீ குடிங்க.”

எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. அவரும் மெல்ல எறங்கிப் பழையபடி நாலடிக்கு வந்து நின்னாரு. ஜெகதீசன் அதைப் பாத்துட்டு டீ கிளாஸோட திரும்பி வந்தாரு.

“ஆளு எறங்கலைன்னா என்ன, ஏத்திவுட்ட ஆளை எறக்கிரலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ரயிலுக்கு இந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பிடறேன். ஆடிட்டுல கேட்டா, காரணமான ஆளு மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஒரு பேப்பராச்சும் காட்டலாம்.”

சென்னியப்பன் தலையைத் திருப்பி சனாவைப் பாத்தாரு. அவளோட ஊர்க் கலவரத்துல வீடு எரிஞ்சு போயி ரெண்டு வருசம் ஆச்சுன்னும், அவங்கம்மா பள்ளிக்கூடத்துல வெச்சிருக்கற முகாம்ல ஒரு பெஞ்சுக்கும் இன்னொரு பெஞ்சுக்கும் நடுவுல குடியிருக்கறாங்கன்னும், மாசாமாசம் இங்கிருந்து போறதுலதான் அந்த எடத்துல அடுப்பு எரியுதுன்னும் அவருக்குத் தெரியும். சனா அதையெல்லாம் ஜெகதீசன்கிட்டச் சொல்லலை. “ரயிலுக்கு டிக்கெட் நீங்க எடுப்பீங்களா, நான் எடுக்கணுமா?”ன்னு மட்டும், அம்சவேணி சொல்லிக் குடுத்த தமிழ்ல, நேரா நின்னு கேட்டா.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் எல்லாரையும் வெளிய போகச் சொன்னாரு. யாரும் பாக்காத எடத்துல விழுந்துரலாம்னு அவருக்கு ஒரு யோசனை. நாச்சிமுத்து கதவைச் சாத்தி, தகரத்து ஓட்டையில எல்லாம் துணி அடைச்சு, வெளிய காவலுக்கு உக்காந்துக்கிட்டாரு. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. சென்னியப்பன் மூச்சை வுட்டாரு, கையைத் தளர்த்துனாரு, கண்ணை மூடுனாரு. ஒரு அங்குலம்கூட எறங்கலை. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்து பாத்தப்பத்தான் அவருக்கு வெளங்குச்சு, யாருமில்லாத கோடவுன்லயும் ஒரு ஆளு வெடைச்சுக்கிட்டு அவரைப் பாத்துக்கிட்டேதான் இருந்துருக்குது, அது அவருதான்.

சனிக்கிழமை அஞ்சரைக்கு ஜெகதீசன் பைக்குல, பின்னால ஒரு ஆட்டோவோட வந்தாரு. சனா ஒரு பையோட வந்தா, வழியனுப்ப லைனே பின்னாடி வந்துச்சு. அம்சவேணி புளிச்சோத்தைக் கட்டிக் கையில குடுத்துட்டு, ஆட்டோக்காரன்கிட்ட ஒரு காரணமும் இல்லாம சண்டை புடிச்சுக்கிட்டிருந்தா. அழுகை வந்தா அவளுக்கு அப்படித்தான்.

சனா சென்னியப்பனுக்குப் பக்கத்துல வந்து நின்னா. எறங்கி வாங்கன்னு சொல்லலை. எனக்காகன்னும் சொல்லலை.

“மாஸ்டர், நான் கெளம்பறேன். சாக்கை வாரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க. ஒரே பக்கம் இருந்தா நடுவுல பள்ளமாயிடும், புள்ளைங்களுக்கு முதுகு வலிக்கும்.”

சொல்லிட்டு, குனிஞ்சு அந்த பிளெக்ஸோட மூலையை இழுத்துச் சரி பண்ணுனா. கல்யாண மாப்பிள்ளை மூஞ்சியில இருந்த சுருக்கம் போச்சு. பையை எடுத்துக்கிட்டு நடந்தா.

அவ கதவுகிட்டப் போறதுக்குள்ள சென்னியப்பன் சத்தம் போட்டாரு. மொட்டை மாடியில நூறு பேரு நின்னாலும் கடைசி ஆளுக்குக் கேக்கற சத்தம்.

“எல்லாரும் உள்ள வாங்க! ஆட்டோக்காரரே, நீங்களும் வாங்க. மரகதம், முன்னால வா. பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியலைன்னா ஓரத்துல அடுக்கியிருக்கற சாக்கு மேல ஏறி நில்லுங்க. நல்லாப் பாத்துக்குங்க.”

கோடவுன் நெறைஞ்சு போச்சு. எல்லாரு மூஞ்சியையும் ஒண்ணு வுடாம அவரு பாத்தாரு. பதினாலு புள்ளைங்க, அவங்க அப்பன் ஆத்தா, நாலு லோடுமேனுங்க, சூப்பர்வைசர், குடை இல்லாத மரகதம்.

“இருபத்திரண்டு வருசமா உங்களுக்கெல்லாம் பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கறேன். மீதி எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்கும் தெரியலை. இப்ப அந்த அம்மிணிகிட்ட, அந்த மாஸ்டருகிட்ட, ஒரு மாசமாக் கத்துக்கறேன். இன்னும் நல்லா வரலை. பாருங்க.”

அதுக்கப்புறம் விழுந்தாரு.

அஞ்சு நாளா சேந்துபோயிருந்த விழுகை மொத்தமும் ஒரே நேரத்துல வந்துச்சு. முதுகு சாக்குல பட்டு, கை பிளெக்ஸை அடிச்ச சத்தத்துல தகரக் கூரை அதிர்ந்து, தெருவுல நிறுத்தியிருந்த ஜெகதீசனோட பைக்கு சாஞ்சு, ரெண்டு லைன் தள்ளி ஒரு தொட்டில்ல தூங்கிக்கிட்டிருந்த கொழந்தை முழிச்சு சிரிச்சுதாம். இருபது சாக்குல இருந்தும் பஞ்சுத் தூசி கெளம்பி, வெள்ளையும் செவப்பும் மஞ்சளும் நீலமுமா, எல்லாரு தலை மேலயும், ஜெகதீசனோட மீசை மேலயும், ரொம்ப நேரம் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. யாரும் அதைத் தட்டிவுடலை.

தூசி அடங்குனப்ப கல்யாண மாப்பிள்ளை மூஞ்சி மேல சென்னியப்பன் மல்லாந்து கெடந்தாரு. அப்புறம் ஒரு காலை மடக்கி, கையை ஊணி எந்திரிச்சு நின்னாரு. ஒரு புள்ளை கை தட்ட ஆரம்பிச்சுது, லோடுமேனுங்க விசிலடிச்சாங்க. மரகதம் மட்டும் கை தட்டலை. அவரு எந்தக் காலை மொதல்ல மடக்குனாரு, எந்தக் கையை ஊணுனாருங்கறதை அவ தன்னோட கையிலயும் காலுலயும் மெதுவாப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தா.

ஜெகதீசன் அவருக்கு அடியில எட்டிப் பாத்தாரு, மேல அண்ணாந்து பாத்தாரு. ரெண்டு எடமும் காலி. “அப்ப செக்லிஸ்ட்டுக்கு வெளிய ஒண்ணும் இல்ல”ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு, சட்டைப் பையில இருந்த ரயில் டிக்கெட்டை எடுத்து நாலா மடிச்சாரு. ஆட்டோவை வெறும் ஆட்டோவாவே திருப்பி அனுப்பச் சொன்னாரு. ஆட்டோக்காரன் போறதாக் காணோம், வண்டியை ஓரமா நிறுத்திட்டு முன்னால வந்து நின்னுக்கிட்டான்.

அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி. காத்து அடிச்சுதான்னு ஒருத்தன். தூக்கம் வந்துச்சான்னு ஒருத்தி. கொத்தனாரு கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்து சென்னியப்பனோட கையைப் புடிச்சுக்கிட்டாரு. “அது இருக்கட்டுங்க மாஸ்டர், அஞ்சு நாளு கழிச்சுத் தரையில படறப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க.”

லைனே ஒரடி முன்னால வந்துச்சு. சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கிட்டாரு. “அது வந்துங்க…”

“மாஸ்டர்!”

சனா பையைக் கீழ வெச்சுட்டு, செருப்பைக் கழட்டிட்டு, பாய் நடுவுல நின்னுக்கிட்டிருந்தா. ரெண்டு கையும் டவல் காலரைப் புடிக்கறதுக்குத் தயாரா நீட்டியிருந்துச்சு.

“பேச்சு அப்புறம். தட்டுன கை லேட்டு. விழறப்ப தலையைத் தூக்கலை. வாங்க.”

சென்னியப்பன் கொத்தனாரு கையில இருந்து தன்னோட கையை உருவிக்கிட்டு, சொல்ல வந்ததை அங்கயே வுட்டுட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கிட்டே போயிட்டாரு.